குதிருக்குள்ள ஆரு கண்ணு?

வா கண்ணு, வந்து உக்காரு. காலைப் புடிச்சு உடறயா? உடு, உடு. பொறந்த இந்த 26 வருசத்துல நீயா வந்து என்ற காலைப் புடிச்சது மூணே தாட்டிதான். மொதத் தாட்டி சைக்கிளு. ரெண்டாந் தாட்டி காலேசு போறதுக்கு மோட்டார் வண்டி. இந்தத் தாட்டி என்னன்னு நானே சொல்லட்டுமா? கம்ப்யூட்டருல இருக்கற 16 ஜி.பி. மெமரி பத்தல, 64 ஜி.பி. போட்ட புதுசு ஒண்ணு வேணும். தேங்கா வித்த காசு அப்பாருகிட்ட இருக்குதுன்னு உங்க ஆத்தா வாய் உட்டுட்டா. செரிதானே?

நிறுத்தாதே, அமுக்கு. பழமை பேசிக்கிட்டே அமுக்கலாம்.

நீ ஊட்டுல இருந்தே வேலைன்னு ஆசாரத்துல உக்காந்து ரெண்டு வருசமாச்சு. கயித்துக் கட்டல்ல படுத்துட்டு நானும் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒரு எழுத்தைத் தட்டறே. அது பொட்டியில தெரியறதுக்குள்ள நான் வெத்தலைக்கு நரம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடிச்சு வாயில போட்டு மென்னே முடிச்சர்றேன். உள்ளுக்குள்ள காத்தாடி மாவு மில்லாட்டம் கத்துது. நீ தலையில கை வெச்சுக்கிட்டு, "ஜாவான்னாலே இப்படித்தான், மெமரியைத் தின்னுபோடும்"னு போன்ல ஆருகிட்டயோ ஒப்பாரி வெக்கறே.

எனக்கு ஜாவா என்ன தெரியும்னு மூக்கைச் சுளிக்காதே. உன்ற தங்கச்சி கோயமுத்தூர்ல அதைத்தான் படிக்கறா. லீவுல வந்தா கள்ளக்கா உரிச்சுக்கிட்டே கதை சொல்லுவா. நான் அவளுக்குப் பழைய கதை, அவ எனக்குப் புதுக்கதை. அவ சொன்னதுல பாதி புரியல. புரிஞ்ச பாதியை வெச்சே, உனக்கு 64 வேண்டியதில்லைன்னு நான் முடிவு கட்டிட்டேன். நீ எந்த மென்பொருள்ல வேலை செய்யறேங்கற பேரையும் அவ சொன்னா. அதை நான் வாயில எடுக்க மாட்டேன். எடுத்தா குத்தம் முச்சூடும் அது மேலன்னு சொல்லிப்போட்டு நீ தப்பிச்சுக்குவே.

அமெரிக்காவுல சன் மைக்ரோசிஸ்டம்ஸ்ங்கற கம்பெனியில ஜேம்ஸ் காஸ்லிங்னு ஒருத்தரு, கூட்டாளிகளோட 1991ல ஆரம்பிச்ச வேலையாம் இந்த ஜாவாங்கற மொழி. ஆபீசுக்கு வெளிய நின்ன ஓக் மரத்தோட பேரைத்தான் மொதல்ல வெச்சிருந்தாங்களாம். நம்மூருல ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் நீ வேம்புல புரோகிராம் எழுதிக்கிட்டிருப்பே. அப்பறம் அந்தப் பேரு ஆகாதுன்னு ஜாவான்னு மாத்தி, 1996 ஜனவரியில மொதப் பதிப்பை வெளிய உட்டாங்க. ஜாவாங்கறது காப்பிக்கொட்டை வெளையற தீவு. மணிமேகலையில சாவகம்னு வாறது அந்தத் தீவுதான்னு படிச்சவங்க சொல்லுவாங்க. ஆக, காப்பியோட பேரு. நாலு நாளா நம்மூட்டுக் காப்பி கூட கெட்டியா, நெம்ப நல்லா இருக்குதுன்னு உங்க ஆத்தாகிட்ட மெச்சிக்கிட்டயாமா. இருக்கட்டும், அதுக்கு அப்பறம் வர்றேன்.

இந்த ஜாவாவோட பெரிய வசதி என்ன? எழுதறவன் குப்பை அள்ள வேண்டியதில்ல. அதுக்கு முந்தி சி மொழிக்காரங்க எல்லாம், வாங்குன எடத்தை அவங்களே திருப்பிக் குடுக்கோணும். ஒருத்தன் மறந்தா எடம் வீணு, அவசரப்பட்டுக் குடுத்துட்டா புரோகிராமே உழுந்து சாகும். ஜாவாவுல நீ பாட்டுக்குத் தின்னுபோட்டு எலையை அங்கயே உட்டுப்போட்டு எந்திரிச்சுப் போலாம், பொறகால ஒருத்தன் வந்து அள்ளுவான். அந்த ஆளைக் கண்டுபுடிச்சது கூட ஜாவாக்காரங்க இல்ல. ஜான் மெக்கார்த்திங்கறவரு லிஸ்ப்ங்கற மொழிக்கு 1959 வாக்குலயே பண்ணி வெச்சது. அந்த மவராசன் செஞ்ச நல்ல காரியந்தான் உன்னையாட்டப் பசங்களைக் கெடுத்துப்போட்டுது. அள்ளறதுக்கு ஆள் இருக்குதுன்னா, எறைக்கறவனுக்கு என்ன கவலை?

அவன் எப்படி அள்ளறான்னு உனக்குத் தெரியுமா? மூணு வருசமா சம்பளம் வாங்கறே, சொல்லு பாக்கலாம். தெரியாது. கேட்டுக்க. கண்ணாலப் பந்தியை நெனைச்சுக்க. எலையைப் போட்டுப் பரிமாறுனா, கால்மணி நேரத்துல அந்த எலைக்குச் சோலி முடிஞ்சுது. அண்டாவும் கரண்டியும் மட்டும் மூணு நாளைக்கும் வேணும். ஜாவாவுக்குள்ளயும் உண்டாகற சாமான்ல பெரும்பாலானது பொறந்த சூட்டோட செத்துப்போகுது. அதுக்கோசரம் புதுசுக்குன்னு ஒரு எடம், நாளைக்கும் வேணுங்கறதுக்கு இன்னொரு எடம்னு பிரிச்சு வெச்சாங்க. புதுசு பொறக்கற எடத்துக்கு ஏதேன்னு பேரு, ஆதாமும் ஏவாளும் இருந்த தோட்டமாமா. அது நெறைஞ்சா, உசுரோட இருக்கறதை மட்டும் அக்கட்ட எடுத்து வெச்சுப்போட்டு, மிச்சத்தை ஒரே வழியா வழிச்சுப்போடறது. செத்ததுக்குச் செலவே இல்ல, பொழைச்சதைத் தூக்கற கூலி மட்டுந்தான். பல தாட்டி வழிச்சும் தப்பிச்சது பழைய எடத்துக்குக் குடிபோகும்.

பழைய எடத்தைக் கூட்டறதுதான் ரோதனை. முழுசாக் கூட்டோணும்னா அத்தனை பேரும் அப்படியே நிக்கோணும். பரிமாறறவன் கரண்டியோட, தின்னறவன் வாயில வெச்ச சோத்தோட. நீ எழுத்தைத் தட்டிப்போட்டு ஆந்தையாட்டம் முழிக்கறயே, பல நேரம் அது இந்த நேரந்தான்.

இப்ப வந்த கூட்டறவங்க எல்லாம் கெட்டிக்காரங்க. 2017ல ஜாவா 9 வந்ததுல இருந்து ஜி1ங்கறவந்தான் வழக்கமான ஆளு. எடத்தைப் பாத்தி பாத்தியாப் பிரிச்சுப்போட்டு, எந்தப் பாத்தியில குப்பை எச்சோ அதை மொதல்ல கூட்டுவான். எது செத்தது, எது உசுரோட இருக்குதுங்கற கணக்கை நீ தின்னுட்டு இருக்கறப்பவே எடுத்துக்குவான். இசட்ஜிசின்னு இன்னொருத்தன், 2020ல ஜாவா 15லதான் முழு வேலைக்குச் சேந்தான். அவன் நிறுத்தறது மில்லி செகண்டுக் கணக்குல. ஆனா கூலி சும்மா இல்ல, சி.பி.யு.வுலயும் எடத்துலயும் கொஞ்சம் எச்சா வாங்கிக்குவான்.

இன்னொருத்தன் இருக்கறான், கேட்டா சிரிப்பே. 2018ல ஜாவா 11ல எப்சிலான்னு ஒரு கூட்டறவனைச் சேத்தாங்க. அவன் குப்பையே அள்ள மாட்டான். நெசந்தான் கண்ணு! கேட்டா எடம் குடுப்பான், நெறைஞ்சா ஓட்டத்தை நிறுத்திப்போடுவான், அவ்வளவுதான். சோதனை பண்ணிப் பாக்கறதுக்கு ஆகும்னு வெச்சிருக்கறாங்க. உன்ற தங்கச்சி இதைச் சொன்னப்ப எனக்கு உன்ற ஞாபகந்தான் வந்துது. கட்டுத்தறியில சாணி அள்ளுன்னு சொல்லி எத்தனை மாசமாச்சு? பொடக்காளிப் பக்கம் நீ கடைசியா எட்டிப் பாத்தது பொங்கலுக்கு. அங்க என்ன நிக்குதுன்னே உனக்குத் தெரியாது.

செரி, குதிர் கதைக்கு வருவோம். ஜாவாக்காரன் ஒரு புரோகிராமை ஓட்டறப்பவே அதுக்கு ஒரு குதிரை, தப்பா நெனைச்சுக்காதே, ஏறி உக்கார்ற குதிரை இல்ல, நெல்லுக் கொட்டற குதிரை, ஒதுக்கி வெச்சுக்கறான். அதுக்கு ஹீப்னு பேரு. இத்தனைக்கு மேல போகாதேன்னு ஒரு வரம்பு, அதை எக்ஸ்எம்எக்ஸ்னு எழுதறீங்க. ஒண்ணுமே சொல்லாம உட்டா, மெஷின்ல இருக்கறதுல கால்வாசியை வரம்பாப் போட்டுக்கும். ஆனா நீங்க கோடு எழுதற பெரிய மென்பொருளெல்லாம் சொந்தச் சீட்டோட வருது. இன்டெல்லிஜே ஐடியாவுல முன்ன 750 எம்.பி.ன்னு இருந்தது, இப்ப 2048. எக்லிப்ஸுல எக்லிப்ஸ்.ஐஎன்ஐன்னு ஒரு கோப்பு. அதுல விஎம்ஆர்க்ஸ்ங்கற வரிக்குக் கீழ, ஒரு வரிக்கு ஒண்ணுன்னு எழுதோணும். அந்த வரிக்கு மேல எழுதுனா ஜாவா அதைச் சட்டையே பண்ணாது. வாய்க்காலுக்கு மேட்டுல மடையை வெட்டிப்போட்டுத் தண்ணி வரலைன்னு நின்ன கதைதான். நெட்பீன்ஸுல வேற, ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு ஜே சேத்து எழுதோணுமாம். இந்த நெட்பீன்ஸ் 1996ல பிராகுங்கற ஊர்ல காலேசுப் பசங்க ஆரம்பிச்சது. இன்டெல்லிஜேக்காரங்க 2000ல கம்பெனி தொடங்குனதும் அதே பிராகுலதான். அந்த ஊருலயும் காப்பி நல்லா இருக்குமாட்ட இருக்குது.

நீ என்ன பண்ணுனே? 16 ஜி.பி. மெஷின்ல அந்த ஒரே மென்பொருளுக்கு 12 ஜி.பி.ன்னு எழுதிப்போட்டு மீசையை முறுக்கிக்கிட்டே. ஒத்தை எருதுக்கு ஊட்டையே ஒழிச்சுக் குடுத்துப்போட்டு, பொண்டு புள்ளையெல்லாம் திண்ணையில படுக்கற கணக்கு.

அந்த 12ங்கறது குதிருக்கு மட்டுந்தானே கண்ணு? குதிருக்கு வெளியவும் அவன் சாமான் வெக்கறான். கிளாஸ் விவரமெல்லாம் மெட்டாஸ்பேஸுல. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் ஒரு அடுக்கு, 64 பிட் லினக்ஸுல வழக்கமா 1 எம்.பி. வரைக்கும். ஓடற கோடை மெஷின் பாசையில மாத்தி வெக்கற எடம் 240 எம்.பி. வரைக்கும் போகலாம். இதெல்லாஞ் சேத்தா 12ன்னு நீ எழுதுனது 13க்கு மேல போய் நிக்கும். அதுக்கப்பறம் விண்டோஸோ லினக்ஸோ, அதுக்கு எடம் வேண்டாமா? பிரவுசர்ல நீ தொறந்து வெச்சிருக்கற எழுவது பக்கத்துக்கு? நான் எண்ணிப் பாத்தேன், அதுல பதினொண்ணு கிரிக்கெட்டு.

எடம் பத்தாட்டி மெஷின் என்ன பண்ணும்? சாமானைத் தூக்கி டிஸ்க்குல கொண்டு போயி வெக்கும். ஸ்வாப்புங்கறீங்க. நம்மூட்டுல எடம் இல்லைன்னு இட்டேரி தாண்டி அடுத்த தோட்டத்துச் சாளையில மூட்டை அடுக்கற மாதிரி. வேற மென்பொருளா இருந்தா, தொடாத சாமான் அங்கயே கெடந்துட்டுப் போகும். ஆனா ஜாவாவுல பழைய எடத்தைக் கூட்டறவன் ஒவ்வொரு சாமானையும் தொட்டுப் பாக்கோணும், உசுரு இருக்குதா இல்லையான்னு. மூட்டையெல்லாம் இட்டேரிக்கு அக்கட்ட இருந்தா? ஒவ்வொண்ணுக்கும் நடந்து போயி, தூக்கிட்டு வந்து, பாத்துப்போட்டு... பொழுது உழுந்துரும். நீ குதிரைப் பெருசாக்குனதுனாலயே மெஷின் நொண்டுச்சு. 12ன்னு எழுதாம 3ன்னு எழுதியிருந்தா ஓடியிருக்கும்.

அதுக்காக 512ன்னு சுருக்கிப்போட்டுக் கஞ்சனாவும் இருக்க வேண்டாம். குதிர் சின்னதாப் போனா கூட்டறவன் சீமாத்தைக் கீழயே வெக்க முடியாது. நூத்துக்கு 98 பங்கு நேரம் கூட்டியும், குதிருல 2 பங்கு எடங்கூட மிச்சமாகலைன்னா, பேரலல்ங்கற பழைய கூட்டறவன் "ஜிசி ஓவர்ஹெட் லிமிட்"னு கத்திப்போட்டுக் கையை உதறிருவான். நியாயந்தானே? நானா இருந்தா 60லயே போயிருப்பேன்.

அப்ப எத்தனைதான் வெக்கறதுங்கறயா? இப்பத்தான் நல்ல கேள்வி கேட்டே. கொஞ்சம் மேல, மொழங்காலுக்குக் கிட்ட அமுக்கு.

உங்க மென்பொருள்ல ஒரு மூலையில குதிர் எத்தனை நெறைஞ்சுதுன்னு காட்டற கணக்கு ஒண்ணு இருக்குது. எக்லிப்ஸுல செட்டிங்ஸ்ல போயி ஹீப் ஸ்டேட்டஸைக் காட்டுன்னு சொல்லோணும், பக்கத்துல ஒரு குப்பைத்தொட்டிப் படமும் வரும். இன்டெல்லிஜேயில கீழ இருக்கற பட்டையில மெமரி இண்டிகேட்டர். அது 2048ல 1800ன்னு காட்டுனா உனக்குப் பதறுது, உடனே அமுக்கறே, கூட்டறவன் ஓடி வர்றான், 700க்கு எறங்குது, நீ பெருமூச்சு உடறே. பத்து நிமிசத்துல மறுக்கா 1800, மறுக்கா அமுக்கறே. அது சீக்கு இல்ல கண்ணு. நெறையற வரைக்கும் உட்டுப்போட்டு அப்பறம் வழிக்கறதுதான் அவன் கணக்கு. பந்தி நடுவுல ஓடி ஓடிக் கூட்டுனா தூசிதான் கெளம்பும்.

பாக்க வேண்டியது ஏறுன கணக்கை இல்ல, எறங்குன கணக்கை. கூட்டி முடிச்சதும் 700 நிக்குதா? நெசமா வேணுங்கற சாமான் அத்தனைதான். அதுக்கு ரெண்டு மடங்கு, வேணுமுன்னா மூணு மடங்கு வரம்பு வெச்சுக்க, ஜம்முனு ஓடும். காலையில 700, மத்தியானம் 1100, பொழுதோட 1600ன்னு எறங்கற கணக்கே ஏறிட்டுப் போனாத்தான் சீக்கு. அந்தச் சீக்குக்கு 64 ஜி.பி. மருந்து இல்ல. சாகறது ஒரு வாரம் தள்ளிப் போகும்.

போன மாசம் நீ குதிச்சது ஞாபகம் இருக்குதா? "அவுட் ஆஃப் மெமரி"ன்னு செவப்பா ஒரு வரி வந்துது. உடனே மென்பொருளோட வரம்பை 4ல இருந்து 8 ஆக்குனே. மறுக்கா அதே வரி. 12 ஆக்குனே. மறுக்கா அதே வரி. உன்ற தங்கச்சி வந்து எட்டிப் பாத்துப்போட்டுச் சிரிச்சா. செவப்பு வரி வந்தது நீ கோடு எழுதற மென்பொருள்ல இருந்து இல்ல, கோடைக் கட்டித் தர்ற கிரேடில்கிட்ட இருந்து. அது தனி ஆளு, தனி ஜாவா, தனிக் குதிர். நீ ஒண்ணுஞ் சொல்லாட்டி அது 512 எம்.பி.யோட நின்னுக்கும். கிரேடில்.ப்ராப்பர்ட்டீஸ்ங்கற கோப்புல அதுக்குன்னு ஒரு வரி இருக்குது, ஆர்க்.கிரேடில்.ஜேவிஎம்ஆர்க்ஸ்னு, அங்கதான் ஏத்தோணும். மேலக் காட்டுக் கெணத்துல தண்ணி இல்லைன்னு கீழக் காட்டுக் கெணத்தைத் தூர் வாருனவனை நான் இப்பத்தான் பாக்கறேன். அதுவும் ரெண்டு தாட்டி.

அந்தக் கிரேடில் டீமன் வேலை முடிஞ்சாலும் ஊட்டுக்குப் போக மாட்டான். அடுத்த வேலை வந்தா உடனே செய்யலாம்னு திண்ணையிலயே உக்காந்திருப்பான், மூணு மணி நேரம் சும்மா இருந்தாத்தான் எந்திரிப்பான். வேற ஜாவா, வேற கணக்கோட ஒரு புராஜக்டைத் தொறந்தா, இவன் ஆகாதுன்னு இன்னொருத்தன் வந்து பக்கத்துல உக்காந்துக்குவான். காட்லின் எழுதறவனுக்கு அதுக்கொரு டீமன். நீ சோதிச்சுப் பாக்கற சர்வரு ஒரு ஜாவா, டெஸ்ட்டு ஓட்டுனா அதொரு ஜாவா. ஜேபிஎஸ்னு ஒரு கட்டளை இருக்குது. கறுப்பு ஜன்னல்ல அதைத் தட்டுனா, ஊட்டுக்குள்ள எத்தனை ஜாவா குந்தியிருக்குதுன்னு பேர் சொல்லும். உன்றதுல தங்கச்சி தட்டுனப்ப ஏழு வந்துது. ஏழு பேரு சோறு திங்கறப்ப மூத்தவனைப் புடிச்சு, ஏண்டா இத்தனை திங்கறேன்னு கேட்டா அவன் என்ன சொல்லுவான்?

அதோட இன்னொண்ணு. புராஜக்டைத் தொறந்ததும் "இண்டெக்ஸிங்"னு ஒரு கோடு ஓடுதே, அது என்ன பண்ணுது? நீ ஒரு பேரைத் தட்டுனா அது எங்கெங்க இருக்குதுன்னு சட்டுனு சொல்லறதுக்கு, இருக்கற ஏட்டையெல்லாம் படிச்சுக் குறிப்பு எடுத்துக்குது. எடுக்கட்டும். ஆனா புராஜக்டுக் கோப்புறைக்குள்ளயே லாக் கோப்பு, வாடிக்கையாளரு அனுப்புன டேட்டா, போன வருசத்துப் பேக்கப்பு எல்லாத்தையும் போட்டு வெச்சிருந்தா, அது அத்தனையையும் படிக்கும். பத்திரம் தேடச் சொன்னா, பத்திரத்தோட மளிகைக் கடை ரசீதையும் சேத்து மனப்பாடம் பண்ணற புள்ளையாட்டம். அந்தக் கோப்புறை மேல வலது பக்கத்தைச் சொடுக்கி, இது வேண்டாம்னு எக்ஸ்க்லூட் பண்ணறது அரை நிமிச வேலை. எக்லிப்ஸுன்னா தொடாத புராஜக்டை மூடி வெச்சாலே போதும். ஆறு புராஜக்டைத் தொறந்து போட்டிருக்கறே, வேலை செய்யறது ஒண்ணுல. பிளக்கினு வேற பொம்மைக் கடையாட்டம். கலரு மாத்தற பிளக்கினு ஆறு எதுக்குங்கறேன்? வைரஸ் பாக்கற காவக்காரன் வேற, ஒவ்வொரு கோப்பு தொறக்கறப்பவும் மடியைத் தடவிப் பாத்துத்தான் உள்ள உடறான். புராஜக்டு இருக்கற எடத்துக்கு மட்டும் விலக்குக் குடுத்தா வேகம் தெரியும், ஆனா உங்க ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுப்போட்டுச் செய்யி.

நீ எங்கயோ பாத்துக் காப்பி அடிச்சு அந்தக் கோப்புல பதினாலு வரி ஒட்டி வெச்சிருக்கறயே, அதுல ஒரு வரி மேக்ஸ்பெர்ம்சைஸ். பெர்ம்ஜென்ங்கற எடத்தையே 2014ல ஜாவா 8 வந்தப்ப இடிச்சுத் தள்ளிப்போட்டு மெட்டாஸ்பேஸுன்னு கட்டிட்டாங்க. ஜாவா 8 அந்த வரியைப் பாத்துப்போட்டு, இப்படி ஒண்ணு இப்ப இல்லீங்கன்னு எச்சரிக்கை எழுதிப்போட்டு நகந்துக்கும். இன்னொரு வரி, கான்கரன்ட் மார்க் ஸ்வீப்புங்கற கூட்டறவனைக் கூப்புடறது. அவனை 2020 மார்ச்சுல ஜாவா 14லயே வேலையை உட்டு அனுப்பிச்சாச்சு. செத்துப்போன மாமனுக்கு மணியார்டரும், ஓடிப்போன பண்ணையாளுக்குக் கூலியும் அனுப்பறே. மிச்சம் பன்னெண்டு வரிக்கு என்ன அர்த்தம்னு கேட்டா, "நல்லா இருக்கும்னு போட்டாங்க"ங்கறே. பக்கத்து ஊட்டுக்காரன் மருந்துச் சீட்டைக் கொண்டு போயி நம்மூட்டுக் கெழவிக்கு மாத்தரை வாங்கறவன் கூட ஒரு தாட்டி யோசிப்பான்.

இப்பக் குதிருக்கு உள்ள போலாம். உங்க ஆபீசுக்காரன் போன்ல, "சர்வரு மூணு நாளைக்கு ஒருக்கா மெமரி நெறைஞ்சு உழுகுது"ன்னுதான் சொன்னான். ஆருன்னு கேக்கல. நீயே முந்திக்கிட்டு, "என்ற கோடுல லீக் இல்லீங்க"ன்னே. எனக்குக் கட்டல்ல படுத்திருந்தபடியே சிரிப்பு வந்துட்டுது. கடங்காரன் வாசல்ல வந்து நின்னதும், எங்கப்பன் குதிருக்குள்ள இல்லைன்னு சொன்ன பையன் உன்ற வயசுலதான் இருந்திருப்பான்.

கூட்டறவன் இருக்கறப்ப ஜாவாவுல ஒழுக்கு எப்படி வரும்னு நானும் கேட்டேன். கூட்டறவன் எடுக்கறது ஆரும் கையில புடிச்சுக்காத சாமானை மட்டுந்தான். எவனோ ஒருத்தன் கயித்தைப் புடிச்சுட்டே நின்னா, மாடு செத்தாலும் அவன் தொட மாட்டான். எப்பவும் சாகாத ஒரு ஸ்டாட்டிக் மேப்புல நீ பாட்டுக்குச் சேத்துட்டே போறே, எடுக்கறதில்ல. லிஸனர்னு ஒண்ணைக் கட்டி வெக்கறே, அவுக்கறதில்ல. கேஷுங்கறே, வரம்பு வெக்கறதில்ல. கயிறு எல்லாம் உன்ற கையிலதான்.

அப்பனைக் குதிருல இருந்து வெளிய இழுக்கறதுக்கு வழி இருக்குது. ஹீப் டம்ப்புன்னு குதிரை அப்படியே படம் புடிச்சு வெக்கச் சொல்லலாம். மெமரி நெறைஞ்சு உழுகறப்பத் தானா எடுத்து வெய்யின்னு முன்னாலயே ஒரு வரி எழுதியும் வெக்கலாம். காப்பி அடிக்கறதா இருந்தா அந்த ஒரு வரியை அடி, குத்தமில்ல. குதிர் எத்தனை பெருசோ கிட்டத்தட்ட அத்தனை பெருசுக்குக் கோப்பு வரும், டிஸ்க்குல எடம் பாத்துக்க. அதைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு எக்லிப்ஸ் மெமரி அனலைசர்னு ஒண்ணு. எஸ்ஏபிக்காரங்க பண்ணி எக்லிப்ஸுக்குத் தானமாக் குடுத்தது, காசு கேக்காது. எந்தச் சாமான் எத்தனை எடம்னு மட்டும் சொல்லாது. இதை எடுத்துட்டா இதோட சேந்து எத்தனை வெளிய போகும், இதை ஆரு புடிச்சுட்டு இருக்கறாங்கங்கற வரைக்கும் வம்சாவளி சொல்லும். போன ஞாயித்துக்கெழமை தங்கச்சி உன்ற சர்வரை அதுல தொறந்து பாத்தா. முக்காவாசி எடத்தை ஒரே ஒரு மேப்புப் புடிச்சிருந்துது. எழுதுனது ஆருன்னு பேரும் பாத்தா. எனக்குச் சொன்னா. நான் ஆருகிட்டயும் சொல்லல, காலை இன்னும் சித்த அழுத்தி அமுக்குனா இனியும் சொல்ல மாட்டேன்.

64 மேல இன்னமும் ஆசை போகலையாட்ட? செரி, வாங்கறேன்னே வெச்சுக்க. வாங்குன வேகத்துல குதிருக்கு 40ன்னு எழுதுவே, உன்னை எனக்குத் தெரியாதா? 32 ஜி.பி.க்குள்ள குதிர் இருந்தா, ஒவ்வொரு சாமானோட விலாசத்தையும் ஜாவா 4 பைட்டுல சுருக்கி எழுதிக்கும். அதைத் தாண்டுனா சுருக்கெழுத்து செல்லாது, ஒவ்வொரு விலாசமும் 8 பைட்டு. உள்ளுக்குள்ள சாமானுக்குச் சாமான் விலாசந்தானே எழுதி வெச்சிருக்குது? 33 குடுத்தா, 31ல புடிச்சதை விடக் கம்மியாப் புடிக்கறதும் நடக்கும். வள்ளத்தைப் பெருசாக்கி வாங்குன நெல்லு கொறைஞ்ச கதை இங்க மட்டுந்தான்.

என்ன கண்ணு, மூஞ்சி சுருங்கிப்போச்சு? சும்மா குந்தியிருக்கற டீமனைக் கொண்ணு, அஞ்சு புராஜக்டை மூடி, பதினாலு வரியைக் கிழிச்சு, 12ஐ 3 ஆக்கி, அந்த மேப்பையும் அவுத்து உட்டுப் பாத்தும் நொண்டுதுன்னா, மெஷினுக்கே இன்னொரு 16 சேத்துக்கலாம், நான் வேண்டாங்கல. ஆனா அதுவும் உன்ற சம்பளத்துல. ஏன்னா போன வியாழக்கெழமை நானும் பக்கத்துத் தோட்டத்துக்காரனும் ஈரோட்டுக்குக் கருங்கல்பாளையம் சந்தைக்குப் போயிட்டு வந்தோம். முர்ரா எருமை, ரெண்டாம் ஈத்து, கன்னோட. தேங்காக் காசு முச்சூடும் அதுக்குத்தான் போச்சு. நாலு நாளாப் பொடக்காளியில கத்திட்டு நிக்குது, காத்தாடிச் சத்தத்துல உனக்குக் கேக்கல. காப்பி மட்டும் கெட்டியா இருக்குதுன்னே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டயா?

அமுக்குனது போதும். எந்திரிச்சுப் போயி அதுக்குத் தண்ணி காட்டிப்போட்டு வா. போறப்ப மம்பட்டியையும் எடுத்துக்க, நாலு நாள் சாணி அப்படியே கெடக்குது.